பழைய எண் பதினாலும் புதிய எண் பதினாலும்

பாகலூர்,
வியாழக்கிழமை காலை.

மதிப்பும் அன்பும் நிறைந்த மாப்பிள்ளை பிரேம்குமார் அவர்களுக்கு,

மாமனார் மு. திம்மராயன் எழுதுவது. நானும் உங்கள் அத்தை காவேரியும் சின்னவள் சௌமியாவும் இங்கு சௌக்கியம். தாங்களும் பிரியாவும் கோயம்புத்தூரில் குறையில்லாமல் இருக்க வேண்டும். போன் பண்ணினால் "மாமா, மீட்டிங்ல இருக்கேன்" என்கிறீர்கள். வாட்ஸப் அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறீர்கள். ஆகவே தபாலில் விவரமாக எழுதுகிறேன்.

நாளை வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சௌமியாவுக்கு ஓசூர் கம்பெனியின் டிரெய்னி சூப்பர்வைசர் பரீட்சை. வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும், போனில் கூடாது. மூன்று வருஷமாகக் காண்டிராக்ட் லேபராக லைனில் நின்று கால் வீங்கியவள். இதை விட்டால் அவளுக்கு வயது தாண்டிவிடும். அதனால்தான் நீங்கள், "அந்த விண்டோஸ் செவனைத் தூக்கிப் போடுங்க மாமா, லேப்டாப் கொண்டு வரேன்" என்றீர்கள். வேண்டவே வேண்டாம் மாப்பிள்ளை. முப்பத்தொரு வருஷம் மெயின்டனன்ஸில் இருந்தவன் நான். ஜப்பான்காரன் கைவிட்ட பிரஸ் மெஷினை ஓட வைத்த கை இது. இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்கும்போது அவள் பரீட்சை எழுதி முடித்திருப்பாள், நம் கம்ப்யூட்டரிலேயே.

ஃபேக்டரியில் வொய்-வொய் என்று ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். அஞ்சு தடவை ஏன், ஏன் என்று கேட்டால் கோளாறு தானாக வெளியே வரும். அதைத்தான் பண்ணினேன். போன மாசம் பாருங்க, தினம் காலைல ஆன் பண்ணா கம்ப்யூட்டர் இன்னிக்கு 2009 ஜனவரி ஒண்ணுன்னு சொல்லுது, எந்த வெப்சைட்டும் திறக்க மாட்டேங்குது, உங்க கனெக்‌ஷன் பிரைவேட் இல்லைன்னு சிவப்பா எழுதிக் காட்டுது. பிரைவேட் இல்லைன்னா எவனோ கொக்கி போட்டு இழுக்கறான்னுதானே அர்த்தம்? மாடி ஏறி ஒயரைக் கோடி வரைக்கும் தடவித் தடவிப் பாத்தேன், கொக்கி இல்ல. அப்புறம் யோசிச்சு, உள்ளார இருக்கிற பொத்தான் பேட்டரி செத்துப்போச்சுன்னு கண்டுபிடிச்சு, உங்க அத்தையோட சமையல் தராசுல இருந்து அதே பேட்டரியைக் கழட்டி மாட்டினேன். தேதி சரியாச்சு, வெப்சைட்டும் திறந்துது. உங்க அத்தைதான் ரெண்டு நாளா பேசல.

சரி, தேதி ஒழிஞ்சுதேன்னு பாத்தா நெட்டு அடிக்கடி கட் ஆக ஆரம்பிச்சுது. யூடியூப்ல ஒருத்தர், ஐபி அட்ரஸைக் கையால போடுங்க, கடைசி நம்பர் உங்க இஷ்டம்னார். அட்ரஸ்னு கேட்டா நம்ம கதவு நம்பரைத்தானே போடணும்? பதினாலுன்னு போட்டேன். என் போன்லயும் அதே மாதிரி ஒழுங்கா பதினாலு போட்டுட்டேன். எதையும் ஒரே மாதிரி வெக்கணும், அது என் பழக்கம். மறுநாளே ஒரு மெசேஜ்: உங்க அட்ரஸோட வேற ஒருத்தர் அட்ரஸ் மோதுதுன்னு. சௌமியாதான் படிச்சுச் சொன்னா. எனக்கு அப்பவே பொறி தட்டிருச்சு மாப்ள!

ரோஜாத் தோட்டக்காரன் திம்மராயனை உங்களுக்குத் தெரியுமே. அவனும் மு. திம்மராயன். நம்ம வீடு பழைய எண் பதினாலு, அவன் வீடு புதிய எண் பதினாலு. பத்து வருஷமா என் காஸ் சிலிண்டர் அவன் வாசல்ல இறங்குது, அவன் ரோஜா நாத்து என் வாசல்ல காயுது. தபால்ல மோதினது பத்தாதுன்னு இப்ப கம்ப்யூட்டர்லயும் வந்து மோதறான். நேரா போயி, "என் பொண்ணு பரீட்சைக்கு உன் நம்பர்தான்யா தடை, மாத்து!"ன்னு சத்தம் போட்டேன். அவன் தெலுங்கும் தமிழும் கலந்து, "அண்ணா, எனக்குக் கம்ப்யூட்டரே தெரியாதே, நேனேமி செய்யறது?"ன்னு முழிக்கறான். நான் கத்திட்டு இருக்கும்போதே நம்ம வீட்டு ஜன்னல்ல இருந்து சௌமியா, "அப்பா, நெட்டு வந்துருச்சு!"ன்னு கூப்பிட்டா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? ஆனா நான் வீட்டுக்குள்ள கால் வெச்சதும் மறுபடி போச்சு. மூணு தடவை போய்ச் சத்தம் போட்டேன், மூணு தடவையும் நெட்டு வந்துது, நான் திரும்பினதும் போச்சு. நான் முதுகைக் காட்டினதும் அவன் என்னவோ பண்றான். நாளைக்குக் காலைல ஒம்போதரைக்கே போயி அவன் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துருவேன், பன்னெண்டு மணி வரைக்கும் நகர மாட்டேன். எப்புடி ஏற்பாடு?

வேறு விசேஷம் இல்லை. தங்கள் வீட்டில் விளக்கும் நெட்டும் அணையாமல் விளங்க வாழ்த்தும்,

மு. திம்மராயன்.

பி.கு.: வெள்ளிக்கிழமை சாயங்காலம். தபால்ல போட மறந்து கடிதம் சட்டைப் பையிலேயே இருந்துது. நல்லதாப் போச்சு. ஒம்போதரைக்கு நான் நாற்காலியைத் தூக்கறப்ப சௌமியா, "அப்பா, போனைக் குடுங்க"ன்னு வாங்கிப் பாத்தா. பதினாலு. கம்ப்யூட்டர்லயும் பதினாலு. மோதினது என் சட்டைப் பையில இருந்த போனு மாப்ள! நான் சண்டைக்குப் போறப்ப போனும் வீட்டு வைஃபையை விட்டுட்டு என்கூட வந்துது, அதான் கம்ப்யூட்டர்ல நெட்டு வந்துது. நாலு ஏன் கேட்டேன், அஞ்சாவதைக் கேக்கல. நம்பரை மாத்தினா. மாத்தி என்ன, இந்த விண்டோஸ் ரொம்பப் பழசு, பரீட்சை திறக்காதுன்னு வந்துருச்சு. மணி ஒம்போது ஐம்பது. அவ ஒரு வார்த்தை திட்டல, அழுதா.

அப்ப வாசல்ல யாருன்னு பாத்தா ரோஜாக்காரத் திம்மராயன். அவர் கையில, அவர் கேட்டுல மாட்டியிருந்த பதினாலாம் நம்பர் தகடு. "கொழந்த பரீட்சைக்கு இது தடையா இருக்குதுன்னியே அண்ணா, கழட்டிட்டேன். எழுதி முடிக்கட்டும், அப்பறம் மாட்டிக்கறேன்"னார். அவளோட கண்ணைப் பாத்துட்டு, விஷயம் கேட்டு, "எங்க வீட்டுக்கு வாம்மா, ரஞ்சிதாகிட்ட லேப்டாப் இருக்குது"ன்னு கையோட கூட்டிட்டுப் போயிட்டார். ரஞ்சிதா அவர் மருமக, வீட்ல இருந்தே பெங்களூர் கம்பெனிக்கு வேலை பாக்குது. சரியா பத்து மணிக்கு சௌமியா அங்க உக்காந்துட்டா. நல்லா எழுதியிருக்கேன்னு சொல்றா. அவர் என் கையில குடுத்துட்டுப் போன அந்தத் தகட்டைப் பிடிச்சுக்கிட்டு நான் நடு ரோட்டுல நின்னேன். வெக்கமாப் போச்சு மாப்ள. அப்புறம் நானே போயி நாலு ஸ்க்ரூ போட்டு இறுக்கி மாட்டிட்டு வந்தேன். முன்னாடி அதுல ரெண்டுதான் இருந்துது.

லேப்டாப்பைக் கூரியர்ல அனுப்பிடுங்க. திம்மராயன், பதினாலு, பாகலூர்னு போட்டாப் போதும். எந்தப் பதினால்ல இறக்கினாலும் நம்ம வீட்டுக்கு வந்துரும்.