வாசல் சுவரில் 73939133

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் கந்தசாமி அவர்களுக்கு, ஹடப்சரிலிருந்து பாலசுப்ரமணியன் வணங்கி எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை சியாமளா, மகள் ராஜஸ்ரீ மூவரும் சுகம். உங்கள் முட்டிவலி குறைந்ததா என்று கேட்பது முறை. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், விஷயம் பெரிது.

நாங்கள் புனே வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. போன மாதம் வீட்டுக் கணக்கெடுக்க வந்தவர் வாசல் சுவரில் சிவப்பு பெயிண்ட்டால், மராட்டி இலக்கத்தில், ஒரு எண்ணை எழுதிவிட்டுப் போனார். பஸ் நம்பர்களைப் பார்த்தே அந்த இலக்கங்களைக் கற்றுக்கொண்டவன் நான், படித்தேன்: 73939133. மச்சான், ஓடிப்போய் நோட்டை எடுத்தேன்! இது பகா எண், ஒன்றையும் தன்னையும் தவிர எதற்கும் மசியாது. கடைசி 3-ஐ வெட்டுங்கள், 7393913, அதுவும் பகா எண். இன்னொன்றை வெட்டுங்கள், 739391, அதுவும்! இப்படியே 73939, 7393, 739, 73, கடைசியில் 7. வெட்ட வெட்டப் பகா எண்ணாகவே நிற்பவற்றில் இதைவிடப் பெரியது கிடையவே கிடையாது, அது நம் வாசலில்! புத்தகத்தில் போட்டிருந்தாலும் நம் கையால் பார்க்க வேண்டாமா என்று எட்டாயிரத்து அறுநூறுக்குள் உள்ள ஆயிரத்துச் சொச்சம் பகா எண்களாலும் வகுத்தேன். பதினோரு நாள், மூன்று நோட்டு, ஒன்றாலும் வகுபடவில்லை.

உங்கள் தங்கைக்கு இதெல்லாம் புரிந்தால்தானே. "ஏனுங்க, பொண்ணு பாக்க வர்றாங்க, வாசல்ல இப்படிக் கிறுக்கி வெச்சிருக்கு, வெள்ளையடிக்க விடமாட்டேங்கறீங்களே!" என்று ஒரே சண்டை. பெயிண்டரை நான் திருப்பி அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்ன வரன் அபினவ் பெற்றோருடன் வந்தான், இங்கேயே பிறந்து வளர்ந்து ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளையாயிற்றே என்று வாசலிலேயே நிறுத்தி நாற்பது நிமிடம் விளக்கினேன், உள்ளே பஜ்ஜி ஆறிப்போனது. அவன் சுவரைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், "சூப்பர் அங்கிள்" என்று சிரித்தான். அவ்வளவுதான்! ஒரு கேள்வி இல்லை! ராஜஸ்ரீக்கு அவனைப் பிடித்திருக்கிறதாம், நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் இந்த எண்ணைப் பார்த்துச் சிலிர்க்காதவனுக்குப் பெண்ணை எப்படிக் கொடுப்பது? பக்குவமாக வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

அக்காவுக்கு வணக்கம். பேரப்பிள்ளைகள் 73939133-ஐப் போல எதனாலும் உடையாமல் நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
பாலசுப்ரமணியன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது ராஜஸ்ரீ அழுதுகொண்டே வந்து விஷயத்தைச் சொன்னாள். மராட்டியில் ஒன்றும் ஒன்பதும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளையுமாம். சுவரில் மூன்றாவது இருப்பது ஒன்பது இல்லை, ஒன்று. எண் 73139133. கூட்டினேன், முப்பது. மூன்றால் வகுபடுகிறது, மச்சான், வெறும் மூன்றால்! அபினவ் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டானாம். "அங்கிள் அவ்ளோ குஷியா இருந்தாரு, கெடுக்க மனசு வரல" என்று இவளிடம் போனில் சொல்லியிருக்கிறான். தப்பான கணக்கை நாற்பது நிமிடம் சிரித்த முகமாகக் கேட்டிருக்கிறான். முப்பது வருடத்தில் நான் சியாமளா பேச்சைப் பத்து நிமிடம் அப்படிக் கேட்டதில்லை. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக எண்ணி உடனே முகூர்த்தத்துக்கு நாள் பாருங்கள். பெயிண்டருக்கு நானே போன் செய்துவிட்டேன்.