ஒருங்கிணைப்புப் பெட்டி

"அந்த மூணு செட்டையும் மேஜைக்கு அடியில தள்ளிடுங்கம்மா. வெள்ளிக்கிழமை விழா முடியுற வரைக்கும் யார் கண்ணுலயும் படக்கூடாது" என்றார் அதிகாரி.

ஆபரேட்டர் அக்கா தன் மேஜையைப் பார்த்தாள். இடது பக்கம் தீயணைப்புக்காரர்களின் வயர்லெஸ் செட், நடுவில் போலீசின் செட், வலது பக்கம் ஆம்புலன்ஸின் செட். இருபத்தாறு வருஷமாக அவள் குடும்பம் நடத்தியது இவற்றோடுதான்.

மூன்று துறையும் மூன்று வெவ்வேறு வருஷத்தில், மூன்று வெவ்வேறு கம்பெனியில் செட் வாங்கியிருந்தன. ஒன்று பேசுவது இன்னொன்றுக்குக் கேட்காது. விபத்து நடந்த இடத்தில் மூன்று துறையும் கூப்பிடு தூரத்தில் நிற்கும். தீயணைப்பு எதைத் தேடுகிறது என்று போலீசுக்குத் தெரியாது, போலீஸ் எந்தத் தெருவை அடைத்திருக்கிறது என்று ஆம்புலன்ஸுக்குத் தெரியாது. எல்லாம் அக்கா வழியாகத்தான் போக வேண்டும்.

சாதாரண நாளில் ஒருவர் சொன்னதைக் கேட்டு இன்னொருவருக்குத் திருப்பிச் சொல்வாள். உயிர் போகிற அவசரத்தில் அதற்கு ஏது நேரம்? அப்போது போலீஸ் மைக்கைத் தீயணைப்பு செட்டின் ஸ்பீக்கர் வாயில் வைத்துப் பொத்தானை அழுத்துவாள். அவர்கள் பேசி முடித்ததும் இதை விட்டு அதை அழுத்துவாள். இரண்டு கைக்கு இரண்டு செட் சரியாகிவிடும். மூன்றாவதற்குக் கை கிடையாது என்பதால் ஆம்புலன்ஸ் மைக்கின் பொத்தானில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டிவிடுவாள். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத ஏற்பாடு. ஆனால் இந்த ஏற்பாட்டால் பிழைத்தவர்கள் ஊரில் எத்தனையோ பேர் நடமாடிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் இரண்டு கட்டை விரலும் காய்த்துப் போனதுதான் மிச்சம்.

இப்போது அவற்றுக்கு முன்னால் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிறம். முன்பக்கம் பச்சை விளக்குகள். ஒருங்கிணைப்புப் பெட்டி என்று பெயர். மூன்று துறையையும் அதுவே நேரடியாகப் பேச வைத்துவிடுமாம்.

"இது வேலை செஞ்சா இந்த சீட்டே தேவையில்லம்மா. உங்களை வேற ஊருக்கு மாத்திடுவாங்க" என்று அதிகாரி போன வாரமே சொல்லியிருந்தார்.

வேறு ஊர் என்ற சொல்தான் அக்காவுக்கு இடித்தது. வீடு அலுவலகத்திலிருந்து பத்து நிமிஷ நடை. பக்கவாதம் வந்து மூன்று வருஷமாகப் படுத்திருக்கும் கணவரை, மதியம் ஓடிப்போய்த் திருப்பிப் படுக்கவைத்து, சோறூட்டிவிட்டு வருவாள். அவருக்கு வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. அவர் பேசுவது அவளுக்கு மட்டும்தான் புரியும். பார்த்துக்கொள்ள வேறு ஆளும் இல்லை.

ஆகவே அந்தப் பெட்டி நாசமாகப் போக வேண்டும் என்று அவள் மனதார விரும்பினாள். அதில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

பெட்டியும் அவள் பக்கம்தான் இருந்தது. கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்திருந்த கம்பெனி ஆள், எல்லோரும் பெட்டிக்காரர் என்றே அழைத்தவர், திங்கட்கிழமை முழுக்க ஸ்க்ரூ டிரைவரோடு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெட்டி 'உம்' என்று முனகியதே தவிர, ஒரு வார்த்தை கடத்தவில்லை.

"கொஞ்சம் சூடாகணும் சார்" என்றார் பெட்டிக்காரர்.

அதிகாரி ஜன்னலோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு யாருக்கோ போன் பேசினார். அப்போதுதான் தீயணைப்பு செட் அலறியது.

"அக்கா, லாரி கவுந்திருக்கு. டிரைவர் கால் மாட்டிக்கிச்சு. டீசல் கொட்டுது, போலீஸ் அந்தப் பக்கமா வண்டிய விட்டுட்டே இருக்காங்க. நிறுத்தச் சொல்லுங்கக்கா."

அக்கா பெட்டியைப் பார்த்தாள். அதன் பச்சை விளக்குகள் அழகாக மினுங்கின. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பெட்டியின் மானம் அங்கேயே போயிருக்கும். ஆனால் லாரி டிரைவருக்கும் பெட்டிக்கும் என்ன பகை? அவள் இரண்டு மைக்கையும் எடுத்தாள். ரப்பர் பேண்டை மாட்டினாள். தீயணைப்பும் போலீசும் பேசிக்கொண்டன, ஆம்புலன்ஸ் கேட்டுக்கொண்டது.

அதிகாரி போனைக் கீழே வைத்தார்.

"பேசுதே. ரெண்டு பேரும் நேரா பேசறாங்களே" என்றார், திரும்பாமலே, கண்ணை மூடிக்கொண்டு. பிறகு நிம்மதியில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: "இனிமே அந்த ஆம்புலன்ஸ் தூங்குமூஞ்சிங்களையும் வழிக்குக் கொண்டு வந்துடலாம்."

ரப்பர் பேண்டை அக்கா கழற்றுவதற்குள் அது பதினோரு ஆம்புலன்ஸுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

"யாருய்யா தூங்குமூஞ்சி? ராத்திரி பகலா ஓடறோம், ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு பேசறியா?" என்றது வலது பக்க செட்.

அக்கா அவசரமாக மைக்குகளைக் கீழே வைத்தாள். அதிகாரியோ முகம் மலர்ந்து திரும்பினார்.

"நான் வாய்க்குள்ள முணுமுணுத்தது அவங்களுக்கு எவ்வளவு தெளிவா கேட்டிருக்கு பாத்தீங்களா? இதுதான்யா டெக்னாலஜி."

பெட்டிக்காரர் பணிவாகத் தலையை ஆட்டினார்.

இனி உண்மையைச் சொல்லிவிடுவதுதான் நல்லது என்று அக்கா முடிவு செய்தாள். வாழ்க்கையில் அவள் செய்த பெரிய தப்பு அது.

"சார், அது பெட்டி இல்ல. நான்தான் மைக்கைப் புடிச்சுப் பேச வச்சேன்."

அதிகாரி அவளை இரக்கத்தோடு பார்த்தார். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா. வேலை போகுதேங்கற வயித்தெரிச்சல். ஆனா அதுக்காக ஒரு மெஷின் மேல பொறாமைப்படக்கூடாது."

"சார், வேணும்னா இப்பவே செஞ்சு காட்டறேன்."

"இத்தனை வருஷமா மைக்கை மைக்கோட ஒட்ட வச்சுதான் ஆபீஸ் நடத்தினோம்னு வெளிய சொல்லச் சொல்றீங்களா?"

அன்று மாலையே ஒரு குறிப்பு மேலே போனது. இந்த ஊழியர் புதிய தொழில்நுட்பத்தை எதிர்க்கிறார், விழா முடிந்த கையோடு மாற்றுவது நல்லது என்று. பழைய செட்டுகள் மேஜைக்கு அடியில் போனதும் இதன் தொடர்ச்சிதான். மேஜைக்கு மேல் நீல வெல்வெட் துணி ஒன்றைத் தரை வரைக்கும் தொங்கவிட்டார்கள்.

வியாழக்கிழமை மதியம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கோணிய வாயால் மெல்லச் சொன்னார்.

"நாளைக்குக் கைய வச்சுக்கிட்டு சும்மா இரு."

"இருக்கேங்க."

"இருக்க மாட்ட."

"சத்தியமா இருக்கேன். எனக்கு மட்டும் உங்களை விட்டுட்டுப் போகணும்னு ஆசையா?"

அவள் அவருடைய தலையணையைச் சரிசெய்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் தலைமை விருந்தினர் வந்தார். மூன்று துறைப் பெரியவர்களும் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். தலைமை விருந்தினர் ரிப்பனை வெட்டி, பெட்டியின் பொத்தானை அழுத்தி, "எல்லாருக்கும் வணக்கம்" என்றார்.

பெட்டி 'உம்' என்றது.

"வணக்கம்" என்றார் மறுபடியும்.

பதில் இல்லை. அதிகாரியின் சட்டைக் காலர் நனைய ஆரம்பித்தது. சுவரோரம் நின்ற அக்கா கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குப் போய், பார்த்தீங்களா சும்மா இருந்தேன் என்று சொல்லப் போகிறோம் என்று நினைத்தாள்.

டெலிபோன் அடித்தது, அக்கா எடுத்தாள். கட்டட வேலை நடக்கும் இடத்தில் சுவர் சரிந்து இரண்டு கூலியாட்கள் அடியில் கிடக்கிறார்கள். மேஜைக்கு அடியிலிருந்து துணி வழியாக மெல்லிய குரல்கள் வரத் தொடங்கின. தீயணைப்பு வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது. ஆம்புலன்ஸ் நாலு தெரு தள்ளி நின்றது. தலைமை விருந்தினர் திரும்பிப் போகும் பாதை என்று போலீஸ் அதை மறித்திருந்தது.

அக்கா முதல் வரிசைக்குப் போய்ப் போலீஸ் பெரியவரின் காதருகே குனிந்தாள்.

"ஐயா, உங்க ஆளுங்க ஆம்புலன்ஸை நிறுத்தி வச்சிருக்காங்க. ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"ஐயா பேசிட்டிருக்கார்ல? முடியட்டும்மா" என்றார் அவர், உதட்டை அசைக்காமல்.

பக்கத்து நாற்காலியில் ஆம்புலன்ஸ் பெரியவர். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எங்களுக்குப் போலீஸ் எழுத்துல கொடுக்கணும்மா" என்றார். அந்தப் போலீஸ் அவருடைய முழங்கையை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கீழேயிருந்து ஒரு தீயணைப்பு வீரனின் குரல் கேட்டது. "அக்கா, ஒருத்தனோட கை மட்டும்தான் தெரியுது. என் விரலைப் புடிச்சிட்டிருக்கான்க்கா."

அக்கா சுவரோரம் திரும்பவில்லை. வெல்வெட் துணியைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு அடியில் நுழைந்தாள். ஐம்பத்து நாலு வயது முழங்கால் இரண்டும் நொறுங்கியது போல் வலித்தது. இருட்டில் மைக்குகளைத் தடவி எடுத்து, வாயோடு வாய் வைத்து அழுத்தினாள்.

"கான்ஸ்டபிள், அந்த ஆம்புலன்ஸை விடுப்பா, இங்க ஆள் செத்துட்டிருக்கான்" என்றது தீயணைப்பு.

"ஐயா திரும்பிப் போற பாதைங்களே" என்றது போலீஸ்.

"ஐயா அங்க பெட்டியோட பேசிட்டிருக்காருய்யா" என்றது ஆம்புலன்ஸ்.

தடுப்பு விலகியது. சைரன் சத்தம் அறைக்குள் கேட்டது. பத்து நிமிஷத்தில், "ரெண்டு பேரும் உயிரோட வெளிய வந்தாச்சு" என்ற குரல் நீலத் துணிக்கு அடியிலிருந்து கணீரென்று வந்தது.

அறை எழுந்து நின்று கைதட்டியது. பெட்டியைப் பார்த்து. போலீஸ் பெரியவர் உணர்ச்சிவசப்பட்டு ஆம்புலன்ஸ் பெரியவருக்குக் கைகூடக் கொடுத்துவிட்டார். தலைமை விருந்தினர் பெட்டியின் தலையைத் தடவிக்கொடுத்தார், படம் எடுத்தார்கள்.

அக்கா பின்பக்கமாகத் தவழ்ந்து வெளியே வந்தாள். புடவையெல்லாம் ஒட்டடை.

"இந்த நேரத்துல கீழ என்ன பண்றீங்க?" என்று அதிகாரி பல்லைக் கடித்தார்.

"ரப்பர் பேண்ட் விழுந்துடுச்சு சார்" என்றாள் அக்கா.

மூன்று மணிக்கு உத்தரவு கைக்கு வந்தது. இயந்திரம் வந்துவிட்டபடியால் இவர் மிகை ஊழியர். திங்கட்கிழமை காலை புது ஊரில் பொறுப்பேற்க வேண்டும். புது ஊர் என்பது பஸ்ஸில் எட்டு மணி நேரம்.

அறை காலியாகியிருந்தது. பெட்டிக்காரர் மட்டும் தன் ஸ்க்ரூ டிரைவர்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். கணவரை யார் திருப்பிப் படுக்கவைப்பார்கள் என்பதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"அழாதீங்க மேடம். அந்த ஊருக்கு உங்க பேரை எழுதிக் கொடுத்ததே நான்தான்" என்றார் பெட்டிக்காரர்.

அக்கா நிமிர்ந்தாள். "நீங்களா? உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

"கெடுதலா? அந்த ஊர்ல அடுத்த மாசம் இதே பெட்டிய வைக்கிறோம். அங்க இருக்கற ஆபரேட்டர் புதுசு. மைக் புடிக்கத் தெரியாது. உங்களை மாதிரி ஒருத்தர் இல்லேன்னா எங்க மானம் போயிடும்."

"அப்ப நீங்க பாத்தீங்களா?"

"பாக்காம என்ன? உங்க முதுகு வெளிய தெரிஞ்சுது, துணியை நான்தான் இழுத்து விட்டேன்."

அக்காவுக்கு அழுகை நின்றுவிட்டது. பெட்டியைக் காட்டி, "இதுக்குள்ள என்னதான் இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒரு ஃபேன் இருக்கு மேடம். உள்ள இருக்கறது சூடாகாம இருக்கறதுக்கு."

"உள்ள என்ன இருக்கு?"

"அது இன்னும் வரல."

அக்கா குனிந்து, துணியைத் தூக்கி, மூன்று செட்டையும் ஒருமுறை பார்த்தாள்.

"நான் அங்க போயிட்டா, நாளைக்கு இங்க ஒரு வீடு இடிஞ்சு விழுந்தா? இங்க இருக்கறவங்களை யார் பேச வைப்பா?"

பெட்டிக்காரர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அவள் எதைக் கேட்கிறாள் என்றே அவருக்கு விளங்கவில்லை.

"இங்கதான் திறப்பு விழா முடிஞ்சிருச்சே, மேடம்."