முதல் காட்சியிலேயே பிடிபட்ட சீமாட்டி

பிரபு வம்சத்தில் பிறக்காதவர்களுக்கு எளிதில் வராத ஒரு வித்தை இருக்கிறது. அறைக்குள் யார் வந்தாலும் அசையாமல் உட்கார்ந்திருப்பது. பார்க்கச் சுலபமாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அதனால்தான் ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் மானம் கப்பலேறியது.

யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் கட்டி லண்டன் மோர்டனுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம். இரண்டாயிரங்களின் தொடக்கம். வீடியோ கசெற் இன்னும் சாகவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் தேநீர் தருவார்கள். நான் கணவரின் தாயான மாமிக்குப் பக்கத்தில் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அங்கே வரும் வெள்ளைக்காரர்களின் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் விளங்கும். பகிடி சொன்னால் எந்த இடத்தில் சிரிப்பது என்று தெரியாது. ஆகவே சிரிப்பதையே விட்டுவிட்டேன். அங்கே எனக்குப் பெயரும் இல்லை. "புதுப் பொம்பிளை", அவ்வளவுதான்.

இந்தச் சிரிக்காத முகத்தை மொறீன் பார்த்துவிட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியை, கோயில் நாடகக் குழுவின் தலைவி. அந்த வருடம் அவர்கள் போட இருந்தது ஒரு பழைய ஆங்கிலத் துப்பறியும் கதை. பெரிய மாளிகை. வெளியே பனி. மாடியில் ஒரு கொலை. கீழே சக்கர நாற்காலியில், கால் வழங்காத ஒரு கிழட்டுச் சீமாட்டி. எல்லோர் மீதும் சந்தேகம் வரும், அவள் மீது மட்டும் வராது. நடக்க முடியாதவள் எப்படி மாடி ஏறுவாள்? கடைசிக் காட்சியில் அவள் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பாள். அத்தனை வருடமும் அவள் நடித்திருக்கிறாள். கொலைகாரி அவள்தான்.

"உன் முகத்தில் ஒரு அலட்சியம் இருக்கிறது. அது சொல்லிக்கொடுத்து வராது. நீதான் என் சீமாட்டி" என்றார் மொறீன். (அது அலட்சியமில்லை, பயம். ஆனால் அதைச் சொல்வதற்கும் ஆங்கிலம் வேண்டுமே.)

"எனக்கு ஏலாது மாமி" என்றேன் வீட்டுக்கு வந்து.

"ஏன் ஏலாது? நாற்காலியில இருக்கிற வேலைதானே" என்றார் மாமி.

மாமி இதில் இவ்வளவு தீவிரமாக இருந்ததற்குக் காரணம் ஹரோவில் இருந்தது. அவருடைய தங்கை. அந்தச் சின்னமாமியின் மருமகள் இங்கேயே பிறந்தவள், செய்தி வாசிப்பவர்களைப்போல ஆங்கிலம் பேசுவாள். வரும்போதெல்லாம் சின்னமாமி என்னைப் பார்த்து, "அக்கா, உன்ர மருமகளுக்கு வாய் இருக்கோ?" என்று கேட்பார். மாமி சிரித்து மழுப்புவார். பிறகு அடுப்படியில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடப் பலமாகச் சத்தம் போடும். அந்த ஒரு கேள்விக்குப் பதிலாகத்தான் மாமி என்னை மேடையேற்றினார். லண்டனில் அப்போது என் பக்கம் நின்ற ஒரே பெண் அவர்தான். அவரைத் தலைகுனிய வைத்துவிடக் கூடாதே என்பதுதான் என் ஒரே கவலை.

மொறீன் இரண்டு கசெற்றுகள் தந்தார். அதே கதை, ஒன்று கறுப்பு வெள்ளைப் படம், மற்றது ரீவி நாடகம். படத்துச் சீமாட்டி நல்ல பருமன், வசனங்களைச் சூயிங்கம்போல மென்று துப்புவாள். ரீவிச் சீமாட்டி எலும்பும் தோலும், மடியில் ஒரு பூனை. இரண்டு பேரிடமும் ஒரே ஒரு ஒற்றுமைதான். வேலைக்காரி தேநீர் கொண்டுவந்தால் ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள்.

அதைப் பழகுவதற்கு மாமிதான் வேலைக்காரி ஆனார். பின்னேரங்களில் நான் சோபாவில் சால்வையைப் போர்த்திக்கொண்டு இருப்பேன். மாமி தேத்தண்ணியோடு வருவார். நான் யன்னலைப் பார்த்தபடி, "அங்கே வை" என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

"தாங்ஸ் சொல்லாதை பிள்ளை. இன்னும் கொஞ்சம் திமிராச் சொல்லு."

"ஏலாம இருக்கு மாமி."

"நான் உன்ர மாமி எண்டதை மற. எனக்கு என்ர மாமியைப் பார்த்து இப்பிடி ஒருக்காச் சொல்லக் கிடைக்கேல்லை. நீயாவது சொல்லு."

வேலை முடிந்து வந்த என் கணவர், தன் தாய் கோப்பையோடு நிற்பதையும் நான் யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பதையும் கண்டு வாசலிலேயே நின்றார். பிறகு தன் தேத்தண்ணியைத் தானே ஊற்றிக்கொண்டு மேலே போய்விட்டார்.

நாடகத்தன்று விடிய, துப்பறிவாளராக நடிக்க இருந்தவருக்குக் கடுங்காய்ச்சல் என்று தகவல் வந்தது. மொறீன் பதறவில்லை. எங்கள் பங்குச் சுவாமிக்கு, அதாவது கோயில் பாதிரியாருக்கு, இளமையில் மேடைப் பழக்கம் உண்டு, அந்தக் கதையும் மனப்பாடம். அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். எனக்கும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். அதில் என்ன ஆபத்து என்று எனக்கு உறைக்கவே இல்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. முன் வரிசைகளில் முழுக்க எங்கள் சனம். மாமி ஹரோவிலிருந்தும் வால்தம்ஸ்டோவிலிருந்தும் ஒருவர் மிச்சமில்லாமல் அழைத்திருந்தார். பின்னால் வெள்ளைக்காரர்கள். திரை விலகியது. மாடியில் அலறல். வேலைக்காரி வேடத்தில் மொறீன் தேநீரோடு வந்தார். "அங்கே வை" என்றேன். முன் வரிசையில் மாமி சின்னமாமியை முழங்கையால் இடித்ததை மேடையிலிருந்தே பார்த்தேன். எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

அப்போது கதவு திறந்தது. துப்பறிவாளர் உள்ளே வந்தார். பூசை முடிந்த கையோடு ஓடிவந்திருக்கிறார். நீளக் கோட்டின் கழுத்துக்கு மேலே பாதிரிமார் அணியும் அந்த வெள்ளைக் கழுத்துப்பட்டி பளிச்சென்று தெரிந்தது.

சுவாமி வந்தால் எழும்ப வேண்டும். இதை எங்களுக்கு யாரும் படிப்பித்ததில்லை, அது காலுக்கே தெரியும். நான் எழுந்தேன். சால்வை கீழே விழுந்தது. இரண்டு காலிலும் நேராக நின்று, போதாக்குறைக்குக் கைகூப்பி, "ஸ்தோத்திரம் சுவாமி" என்றும் சொன்னேன்.

முன் வரிசைகள் மட்டும் சும்மா இருக்குமா? எங்கள் சனமும் திமுதிமுவென்று எழுந்தது. முன்னால் மறைத்ததாலோ, இதுவும் நாடகத்தில் ஒரு மரியாதை என்று நினைத்தோ, பின்னால் இருந்த வெள்ளைக்காரர்களும் எழுந்துவிட்டார்கள். முழு மண்டபமும் நிற்கிறது. சுவாமி திகைத்துப்போய், பழக்கதோஷத்தில் பூசையில் செய்வதுபோல இரண்டு கைகளையும் தாழ்த்தி, "தயவுசெய்து அமருங்கள்" என்றார். எல்லோரும் அமர்ந்தார்கள்.

கால் வழங்காத சீமாட்டி மட்டும் நின்றாள். எனக்கு அப்போதுதான் நான் செய்தது விளங்கியது, விளங்கியும் கூப்பிய கையோடு அப்படியே நின்றேன். அந்த அமைதியில் மாமியின் குரல் கேட்டது:

"பிள்ளை, இரு! உனக்குக் கால் ஏலாது!"

பின் வரிசைக்காரர்கள் என்ன என்று விசாரித்தார்கள். ஹரோ மருமகள் திரும்பி, செய்தி வாசிக்கும் குரலில், தெளிவாக மொழிபெயர்த்தாள். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. நான் நாற்காலியில் விழுந்தேன். மொறீன் ஓடிவந்து சால்வையைப் போர்த்தியபடி, "டாக்டர் இப்படிச் செய்யக் கூடாது என்றாரே, சீமாட்டி" என்று உரக்கச் சொன்னார். காதுக்குள், "நிறுத்தாதே கண்ணே" என்றார்.

இடைவேளையில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். மறுபக்கம் சின்னமாமியின் குரல் தெளிவாகக் கேட்டது. "என்னக்கா, கதை முழுவதையும் கெடுத்துப் போட்டாளே."

"கெடுத்தா என்ன?" என்றார் மாமி. "சுவாமி வரேக்கை எழும்பாத பிள்ளையை நான் மருமகளா எடுக்கேல்லை."

பிறகு திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். கைக்குட்டையால் என் முகத்தைத் துடைத்து, கலைந்த பவுடரைச் சரிசெய்தார். "அழாதை. கொலை செய்தது நீ எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. இனிப் பயப்பிட ஒண்டும் இல்லை. போய் நடி."

எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ நல்ல வார்த்தைகள் சொல்லியிருக்கிறார்கள். அதைப்போல ஒன்றை நான் பிறகு கேட்டதில்லை. இன்றும் நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

உண்மையிலேயே பயம் போய்விட்டது. இரண்டாவது பாதியில் சுவாமி தாடையைத் தடவியபடி, "இந்த வீட்டில் மாடிப்படி ஏறக்கூடியவர் யார்?" என்று கேட்டார். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நான் அவர்களை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தேன். இன்னும் சிரித்தார்கள். கடைசியில், "எழுந்திருங்கள் சீமாட்டி" என்று அவர் சொன்னபோது நான் எழும்ப முன்பே கைதட்டல் தொடங்கிவிட்டது. சின்னமாமியும் தட்டினார். (மாமி அவர் கையைப் பிடித்துத் தட்டவைத்தார் என்று ஹரோவில் ஒரு கதை உண்டு. நான் அதை நம்பவில்லை.)

அடுத்த ஞாயிறு தேநீர் நேரத்தில் எனக்குச் சுவர் தேவைப்படவில்லை. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வந்து என் பெயரைக் கேட்டார்கள். "செலின்" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது ஒரு ரகசியத்தை உளறிவிட்டால், "சீமாட்டி எழும்பிட்டா" என்பார்கள். லண்டனில் பிறந்த என் பிள்ளைகள் ஆங்கிலப் பேச்சுக்கு நடுவிலும் அதை மட்டும் தமிழில்தான் சொல்வார்கள்.

மறு வருடமும் மொறீன் ஒரு கொலை நாடகம் போட்டார். முன்னெச்சரிக்கையாக எனக்குப் பிணத்தின் வேடம் தந்தார். சுவாமிதான் டாக்டர். நான் கண்ணை மூடிக் கிடந்தேன். அவர் உள்ளே வந்தார். மண்டபமே மூச்சைப் பிடித்தது. நான் அசையவில்லை. நாடி பார்க்கக் குனிந்தவர், மாமியிடம் கேட்டுப் பாடமாக்கிய தமிழில், எனக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாக, "எழும்ப வேண்டாம் பிள்ளை" என்றார்.

பிணம் விழுந்து விழுந்து சிரித்தது.