ஆமென் சொன்னால்தான் சோறு

கடவுளிடம் வேண்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், கோபித்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். கடவுளிடம் உட்கார்ந்து ஊர்வம்பு பேசியவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் ஜொகூர் பாருவில் எங்கள் மெஸ்ஸுக்குச் சமைத்துப் போட்ட ஆமென் அண்ணன். அவர் இருந்த காலம் முழுவதும் அந்த ஊரிலேயே ஆறிப்போன சோறு சாப்பிட்ட ஒரே கூட்டம் நாங்கள்தான்.

மெஸ் என்றதும் மாளிகையைக் கற்பனை செய்ய வேண்டாம். தம்போய்க்குப் போகும் சாலையில் தகரக் கூரை போட்ட ஒரு பலகை வீடு. நடுவில் ஒரு நீள மேசை, இரண்டு பக்கமும் பெஞ்சு. மலாயாவில் குமாஸ்தாவைக் கிராணி என்போம்; அப்படிப்பட்ட கிராணிகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து குடியிருந்தோம். தலைவர் கனகசபை யாழ்ப்பாணத்துக்காரர். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர். நெற்றி நிறையத் திருநீறும் வாய் நிறையச் சட்டமுமாக இருப்பார். மெஸ் விதிகளை அவரே எழுதி, அவரே சட்டம் போட்டு, அவரே சுவரில் மாட்டியிருந்தார். அதில் முதல் விதி, உத்தியோகத்தில் உள்ளவர்களுக்கு மட்டுமே இங்கே இடம் என்பது.

பழைய சமையல்காரர் சொல்லாமல் கொள்ளாமல் சிங்கப்பூருக்கு ஓடிப்போன மறுநாள், காக்கி அரைக்கால் சட்டையும் எண்ணெய்த் துணியில் சுற்றிய வேதப் புத்தகமுமாக ஒருவர் வாசலில் வந்து நின்றார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். உலு திராம் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்துக்கொண்டிருந்தவர்.

"சமைக்கத் தெரியுமோ?" என்று கேட்டார் கனகசபை.

"தெரியும் ஐயா. ஆனா சாப்பாட்டுக்கு முன்னால நான் ஜெபம் பண்ணுவேன். அதுக்குச் சம்மதம்னா அடுப்பக் காட்டுங்க."

"அதுக்கென்ன. கனநேரம் எடுக்காதுதானே?"

"ஆவியானவர் எப்படி நடத்துறாரோ அப்படி ஐயா."

ஆவியானவர் எதற்கும் அவசரப்படாதவர் என்பது அன்றைய சாப்பாட்டிலேயே தெரிந்துவிட்டது. ஆவி பறக்கும் சோற்றை மேசைக்கு நடுவில் வைத்துவிட்டு, கரண்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி அவர் ஆரம்பித்தார்.

"பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே, இந்தச் சோத்துக்காக ஸ்தோத்திரம். சாம்பாருக்காக ஸ்தோத்திரம். நெத்திலிக்காக ஸ்தோத்திரம். அத வித்த மீன்காரருக்காகவும் ஸ்தோத்திரம், அவரு நிறுவையில கொஞ்சம் கை வச்சாரு, அத நீரே பாத்துக்கும்."

இப்படி மீன்காரர், விறகுக்காரர், பால்காரர் எல்லோரையும் முடித்துவிட்டு எங்களிடம் வருவார். வரிசையாகப் பேர் சொல்லி ஒவ்வொருவரையும் கடவுளிடம் அறிமுகப்படுத்துவார். அறிமுகம் என்றால் சாதாரண அறிமுகமா? எங்கள் துணிகளை வண்ணானிடம் எடுத்துப் போடுகிறவர், அறையைக் கூட்டுகிறவர், சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று அறிந்தவர். ஊரில் இருந்து வந்த முறுக்கை நான் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டியது வாரா வாரம் பரலோகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

கனகசபைக்கு வெள்ளிக்கிழமை விரதம். ஒரு வெள்ளிக்கிழமை ஆமென் அண்ணன் மிகுந்த கரிசனத்தோடு சொன்னார்: "ஆண்டவரே, கனகசபை ஐயா இன்னைக்குச் சைவம். ஆனா அவரு சட்டையில ஆட்டுக்கறி வாசம் அடிக்குது. ஏதோ பசியில செஞ்சிருப்பாரு. அவரு கும்பிடுற சாமிகிட்ட நீர் ஒண்ணும் சொல்லிடாதேயும்."

கனகசபையின் காது சிவந்தது. ஆனால் என்ன செய்வது? பேசுகிறவர் நம்மிடம் பேசினால் சண்டை போடலாம். கடவுளிடம் பேசிக்கொண்டிருப்பவரைக் குறுக்கே மறித்துப் பேசுவது மரியாதை இல்லையே. கண்ணைத் திறந்து முறைத்தும் பயனில்லை. தன் கண்ணைத் திறக்காமலேயே, "கண்ணத் தொறந்து வச்சிருக்கிற தம்பியையும் மன்னியும்" என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொள்வார்.

எங்களில் இளையவன் இரத்தினம். ஒரு ரப்பர் கம்பெனியில் கிராணி. சினிமாப் பைத்தியம். மூவாரில் பெண் பார்த்து நிச்சயமாகியிருந்ததால் தலைக்குப் பூசும் எண்ணெயின் அளவும் கூடியிருந்தது. ஒருநாள் தன் தலைமைக் கிராணியைச் சாப்பாட்டுக்கு அழைத்து வந்தான். மேசையில் கோழிக் குழம்பு மணக்க, ஆமென் அண்ணன் தொடங்கினார்.

"பிதாவே, வயித்து வலின்னு லீவு போட்டுட்டு சிங்கப்பூருக்குப் படம் பாக்கப் போன இரத்தினம் தம்பிய மன்னியும்."

இரத்தினத்துக்கு முகத்தில் ரத்தம் இல்லை. தலைமைக் கிராணி கண்ணைத் திறந்துவிட்டார். ஆமென் அண்ணன் அமைதியாகத் தொடர்ந்தார்.

"நானும் போயிருந்த அதே படத்துக்கு வந்து, அதே வயித்து வலியோட முன் வரிசையில உக்காந்திருந்த இந்தப் பெரிய ஐயாவையும் மன்னியும்."

தலைமைக் கிராணி எல்லோருக்கும் முந்திக்கொண்டு உரக்க "ஆமென்" என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. கோழிக் குழம்பு மட்டும் பச்சைத் தண்ணீராக ஆறியிருந்தது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கனகசபை ஒருநாள் கேட்டே விட்டார்.

"என்ன காணும் ஆமென், ஒரு பிடி சோத்துக்கு ஏன் இவ்வளவு நீட்டு ஜெபம்?"

ஆமென் அண்ணன் கரண்டியை மேசையில் வைத்தார். அது அபூர்வம்.

"தோட்டத்துல எனக்குக் காய்ச்சல் வந்து லயத்து வீட்டுல கிடந்தேன் ஐயா. மாசக்கணக்குல. காலையில பெரட்டுல ஆள் எண்ணுறப்ப நின்னாத்தான் பேர் விழும். பேர் விழுந்தாத்தான் கூலி. எனக்கு ரெண்டும் இல்ல. ஆனா பொழுது சாஞ்சா என் தட்டுல சோறு இருக்கும். பக்கத்து வீட்டுப் புருசன் பொஞ்சாதி, அவங்க சோத்துல பாதிய வச்சிட்டுப் போவாங்க. யாரு வச்சாங்கன்னு தெரியும். ஏன் வச்சாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. வேலை செஞ்சு சாப்பிட்டா அது கூலி ஐயா. ஒண்ணுமே செய்யாதவனுக்குப் போட்டா அதுக்குப் பேர்தான் கிருபை. அன்னையிலருந்து சோத்தப் பாத்தா எனக்கு வாய் சும்மா இருக்க மாட்டேங்குது."

"அப்ப சரி. கொஞ்சம் கெதியாச் சொல்லும்" என்றார் கனகசபை. ஆனால் அதற்குப் பிறகு அவர் ஜெபத்தின்போது கைக்கடிகாரத்தைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

இந்த நேரத்தில்தான் ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போனது. தோட்டங்களில் ஆட்களைக் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். கம்பெனிகளில் நாற்காலிகள் காலியாகின. இரத்தினத்தின் நாற்காலியும் அதில் ஒன்று. அவன் எங்களிடம் மூச்சு விடவில்லை. எப்படி விடுவான்? வேலை இல்லையென்றால் மெஸ்ஸில் இடம் இல்லை, சுவரிலேயே எழுதியிருக்கிறது. இடம் இல்லையென்றால் செய்தி மூவாருக்குப் போகும், கல்யாணம் கைநழுவும். காலையில் வழக்கம்போலச் சட்டையும் டையும் போட்டுக்கொண்டு கிளம்பி, கடலோரத்து மரத்தடியில் உட்கார்ந்து, சிங்கப்பூர்ப் பாலத்தில் ரயில் போவதையும் வருவதையும் பார்த்துவிட்டு மாலையில் திரும்பி வருவான். ஆபீசில் வேலை கடுமை என்று எங்களிடம் அலுத்துக்கொள்ளவும் செய்தான்.

பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு வந்த ஆமென் அண்ணன் ஒருநாள் அவனை அந்த மரத்தடியில் பார்த்துவிட்டார். அங்கே நடந்த பேச்சை இருவருமே பின்னால் எனக்குச் சொன்னார்கள்.

"அண்ணே, மெஸ்ல யாருக்கும் தெரிய வேணாம்."

"நான் ஏன் தம்பி சொல்லப் போறேன்?"

"சாமிகிட்டயும் சொல்லாதீங்கண்ணே."

ஆமென் அண்ணன் மீன் பையைக் கீழே வைத்துவிட்டார். "அவருகிட்டச் சொல்லாம எப்படி தம்பி? இது சொல்ல வேண்டிய சமாச்சாரமாச்சே."

"மனசுக்குள்ள சொல்லுங்களேன்."

"மனசுக்குள்ள எனக்கு ஜெபம் வராது தம்பி. பழக்கம் இல்ல."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான். வேறு வழியில்லாமல் ஆமென் அண்ணன் வாக்குக் கொடுத்தார்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் கண்ணை மூடி உட்கார்ந்தோம். ஆமென் அண்ணனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. "பிதாவே, சோத்துக்காக ஸ்தோத்திரம். ஆமென்" என்றார்.

யாரும் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு வாங்குகிறார், இப்போது மீன்காரர் வருவார் என்று காத்திருந்தோம். வரவில்லை. கனகசபை ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சிது ஐயா."

ஆமென் அண்ணன் வந்த பிறகு முதல் முறையாக, நாங்கள் கை வைக்கும்போதும் சோற்றில் ஆவி பறந்தது. பழக்கமில்லாத நாங்கள் வழக்கமான வேகத்தில் ரசத்தை வாயில் ஊற்றி நாக்கைச் சுட்டுக்கொண்டோம். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. எத்தனையோ மாதமாக எதற்கு ஏங்கினோமோ அது கிடைத்துவிட்டது. ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. ஆமெனுக்கு ஏதோ சுகவீனம், டிரெஸ்ஸரிடம் காட்டி மருந்து வாங்க வேண்டும் என்று கனகசபை என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

கடைசியில் அவரே கட்டளை போட்டார். "இஞ்சை பாரும் ஆமென், இண்டைக்குப் பழையபடி முழுசாச் சொல்லும். சோறு ஆறினால் ஆறட்டும்."

ஆமென் அண்ணனுக்கு வேறு வழியில்லை. மீன்காரரில் தொடங்கினார். விறகுக்காரர் வந்தார். என் முறுக்கு வந்தது. கனகசபையின் ஆட்டுக்கறி வந்தது. மேசை முழுவதும் நிம்மதிப் பெருமூச்சு. அடுத்தது இரத்தினம்.

"இந்த இரத்தினம் தம்பி" என்றார். குரல் நின்றது. மறுபடியும், "இந்த இரத்தினம் தம்பி, ஆண்டவரே" என்றார். "ஆமென்" என்று முடித்துவிட்டுச் சமையற்கட்டுக்குள் போய்விட்டார்.

எல்லோரும் இரத்தினத்தைப் பார்த்தோம். அவன் தட்டைப் பார்த்தான். பாவம் அந்த மனிதர், ஒரு வார்த்தை சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஒளித்து வைக்கத் தெரியாதவர் ஒளித்தால் அப்படித்தான் ஆகும்.

மறுநாள் காலை கனகசபை ஆபீசுக்குப் போகிற வழியை மாற்றி, இரத்தினம் போன பக்கமாகக் கடலோரம் நடந்து போனார். மரத்தடியில் உட்கார்ந்திருந்தவனைத் தூரத்திலிருந்தே பார்த்திருக்கிறார். கிட்டே போகவில்லை.

மாலையில் இரத்தினம் பெட்டியைக் கட்டி வாசலருகே வைத்திருந்தான். வெளியூரில் உறவுக்காரருக்கு உடம்பு சரியில்லை, காலை ரயிலுக்குப் போகிறேன் என்றான். சோறு வந்தது. ஆமென் அண்ணன் கரண்டியோடு நின்றார், வாய் திறக்கவில்லை. அப்போது கனகசபை எழுந்தார்.

"இண்டைக்கு நான் சொல்லுறன்."

திருநீறு பூசிய அந்த நெற்றி குனிந்தது. கண்ணை மூடிக்கொண்டார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஆமென்ரை ஆண்டவரே, நான் கனகசபை. என்னைப் பற்றி உமக்கு ஏற்கெனவே கனக்கச் சொல்லியிருக்கினம். அந்த ஆட்டுக்கறி உண்மைதான். வேறை ஒரு அலுவலாத்தான் இப்ப வந்தனான். எங்கடை இரத்தினத்துக்கு உத்தியோகம் போயிட்டுது. அது எங்களுக்குத் தெரியுமெண்டு அவனுக்குத் தெரியாது. நீர்தான் அவனுக்குச் சொல்ல வேணும். சுவரிலை கிடக்கிற அந்த முதல் விதி நான் எழுதினது. எழுதேக்கை எனக்கு உத்தியோகம் இருந்தது, புத்தி இருக்கேல்லை. அவன் எங்கையும் போகத் தேவையில்லை. வேலை கிடைக்கிற வரைக்கும் அவன்ரை தட்டு இந்த மேசையிலைதான். வேலை செய்து திண்டால் கூலி, செய்யாமல் திண்டால் கிருபை எண்டு இந்த மனுசன் சொன்னவர். அது எங்கடை மெஸ்ஸிலையும் உண்டெண்டு அவனுக்குச் சொல்லிவிடும். நேரை சொல்ல எனக்கு வெக்கமாக் கிடக்கு."

அதோடு விட்டாரா? எங்கள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, முறுக்கு உட்பட எல்லாவற்றையும் ஒப்பித்து, மீன்காரரையும் விட்டுவைக்காமல்தான் முடித்தார். சைவரானாலும் சமையற்கட்டு வழக்கத்தை நன்றாகவே கற்றிருந்தார். கடைசியில் ஆமென் அண்ணன் சொன்ன "ஆமென்" தகரக் கூரையை அதிர வைத்தது. அவர் முகமெல்லாம் கண்ணீர். கனகசபை நேராகச் சுவருக்குப் போய், விதிகள் இருந்த சட்டத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

இரத்தினம் சோற்றில் கை வைத்தான்.

"ஆறிப்போச்சுண்ணே" என்றான்.

"சாப்பிடு தம்பி" என்றார் ஆமென் அண்ணன்.

சில்லிட்ட சோற்றை அன்று எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.

இரத்தினம் மூவாருக்குத் தானே போய் உண்மையைச் சொன்னான். பெண்ணின் தகப்பனார் தேதியைத் தள்ளி வைத்தாரே தவிர, பேச்சை முறிக்கவில்லை. கொஞ்ச காலம் கழித்து அங்கேயே ஒரு மரக்கடையில் அவனுக்குக் கணக்கு வேலை கிடைத்தது. கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். பந்தியில் இலை போட்டுப் பரிமாறியதும், ஆமென் அண்ணன் ஒரு வார்த்தை ஜெபிக்க வேண்டும் என்று மாப்பிள்ளையே கேட்டுக்கொண்டான். ஐயர் உட்பட மூவார் ஊரே இலை முன்னால் பசியோடு கை கட்டி உட்கார்ந்திருந்தது. பெண் வீட்டாரின் பழைய சண்டைகள் எல்லாம் அன்று ஆண்டவருக்குத் தெரிந்தன.

பிறகு மெஸ் கலைந்தது, நாங்கள் ஆளுக்கொரு திசையாகப் போனோம். ஆமென் அண்ணன் இப்போது அவர் ஆண்டவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நேரில் வம்பு பேசிக்கொண்டிருப்பார். என் வீட்டில் மனைவி எல்லாவற்றையும் சுடச்சுடப் பரிமாறுகிறாள். ஆவி பறக்கிற சோற்றைப் பார்த்தாலே எனக்குத் துணுக்கென்கிறது, யாருக்கோ சொல்ல முடியாத கஷ்டம் வந்திருக்கிறது என்று. கொஞ்சம் ஆறட்டும் என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொள்கிறேன்.