ஊறுகாய் ஜாடியில் ஏழு கோடி வருஷம்

இனிமேல் கல் விஷயத்தில் வீட்டில் யார் வாய் திறந்தாலும் கேட்பதில்லை என்று ஷாநவாஸ் தீர்மானித்துவிட்டார். வாய் திறக்க அந்த வீட்டில் இருந்தது அவர் மனைவி ரமீஜா ஒருத்திதான்.

ராஜபாளையத்து நூல் மில்லில் அவருக்கு நைட் ஷிப்ட். பகலில் தூக்கம். மிச்ச நேரத்தில் தானே படித்து, தானே பரீட்சை வைத்து, தானே பாஸ் போட்டுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு: பாறைக்குள் கிடக்கும் பழங்காலக் கடல் உயிர்கள்.

லாரி ஓட்டும் விஜயபாண்டி அரியலூரிலிருந்து ஒரு சுண்ணாம்புக்கல் கொண்டுவந்து கொடுத்திருந்தான். அதற்குள்ளிருந்து ஓர் ஓடு மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் காலேஜில் நிலவியல் சொல்லித்தரும் கமலவல்லி மேடம் போனில் சொல்லிவிட்டார்: "ஓடு உடையாம வெளிய எடுத்துட்டு வாங்க. எடுத்தவங்களுக்கு, இந்த மாதிரிக் கல்லு தேடிப் போற எங்க அரியலூர் வேன்ல ஒரு சீட்டு இருக்கு."

அந்த ஒற்றைச் சீட்டில் ஷாநவாஸ் அன்றைக்கே மனசால் உட்கார்ந்துவிட்டார்.

"ஏட்டி, ஊறுகாய் ஜாடியக் கொண்டா. வினிகரும் கொண்டா."

"எதுக்கு?"

"கல்ல ஊறப்போடணும். மூணு வாரத்துல பாறை கரைஞ்சிரும்."

"ஓடு மட்டும் கரையாதாக்கும்?"

"இது பிராக்கியோபாட்ங்கிற கடல் சீவன். ஏழு கோடி வருசத்துச் சரக்கு. உன் எலுமிச்சங்காய்னு நெனச்சியா?"

"கிளிஞ்சல் மாதிரில்லா இருக்கு."

"கிளிஞ்சல்ல ரெண்டு ஓடும் ஒண்ணுபோல இருக்கும். இதுல ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு."

"ஒரே வீட்டுலயா? பெருசு யாரு, புருசனா பொஞ்சாதியா?"

அறிவியலுக்குத் தேவையில்லாத கேள்விகளுக்கு ஷாநவாஸ் பதில் சொல்வதில்லை.

தினமும் மில்லிலிருந்து வந்ததும் ஜாடியைத் திறந்து மோந்து பார்ப்பார். குப்பென்று புளித்த வாடை. உள்ளே ஓடு நாளுக்கு நாள் வரி வரியாகத் தெளிந்து வந்தது. "பாத்தியாட்டி!" என்று ஒரு முழக்கம். பிறகு குறட்டை. ரமீஜா தளவாய்புரத்துக் கம்பெனிக்கு நைட்டி தைக்க மெஷினில் உட்காருவாள்.

மூன்றாம் வாரம் சனிக்கிழமை, அவளையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். புருஷனின் பெருமையை நேரில் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே.

மேடம் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "அருமை! எப்படி எடுத்தீங்க?"

"வினிகர்ல, மேடம்."

மேடம் நிமிர்ந்தார். "இந்த ஓடும் சுண்ணாம்புதான், சார். வினிகர்ல கெடந்தா பாறையோட இதுவும் போயிருக்கும். இது ஊசியால எடுத்தது. தடம் தெரியுது."

ஷாநவாஸ் மனைவி பக்கம் திரும்பினார்.

"முட்டை ஓடே வினிகர்ல போட்டா கரையுது. கல்லு ஓடு மட்டும் கரையாதா?" என்றாள் ரமீஜா. "அதான் அன்னைக்கே வினிகரக் கொட்டிட்டு ஜாடியில வெறும் தண்ணி ஊத்துனேன். மூடியில மட்டும் தெனம் ரெண்டு சொட்டு வினிகர். நீங்க மோந்து பாப்பியல்லா. நீங்க அசந்த பொறவு மெஷின் ஊசிய வச்சு, செத்த செத்த நேரமா நோண்டுனேன்."

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்லாட்டி?"

"ஓடு மட்டும் கரையாதான்னு மொத நாளே கேட்டேனே. நீங்கதான் எலுமிச்சங்காய்க்குப் போயிட்டிய."

அதற்குள் மேடம் வேன் பட்டியலில் ரமீஜாவின் பேரை எழுதி முடித்திருந்தார்.

"புதன்கிழமை காலைல ஆறு மணிக்கு வேன், சார். அவங்களக் கொண்டுவந்து விட்டுட்டு, நீங்க போய்த் தூங்கலாம்."