ஒப்பமில்லாத களஞ்சியத்துக்கு நான் சம்மதம் சொன்ன கதை

செட்டிபாளையம்,
03.08.2009.

சீரும் சிறப்புமாய் வாழவேண்டிய மருமகன் உதயரூபனுக்கு,

உன் தாய்மாமன் கோணாமலை எழுதுவது. இங்கே உன் அம்மா சுகம், மாமி சுகம், கறவை மாடு இரண்டும் சுகம். நானும் சுகம் என்று எழுதினால் இந்தச் சில வாரத்தில் நான் சொன்ன பொய்களோடு அதுவும் சேர்ந்துவிடும் என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். டோகாவில் வெயில் எப்படி, கஜானிக் குஞ்சு நடக்கத் தொடங்கிவிட்டாளா என்றெல்லாம் கேட்பது முறை, கேட்டதாக எடுத்துக்கொள். மாமாவிடமிருந்து மின்னஞ்சல் வராமல் பேனையால் எழுதின கடிதம் வந்திருக்கிறதே என்று யோசிப்பாய். எங்கள் கடலோர மக்கள் நலன்புரிச் சங்கத்தின் கணினியைச் செயலாளர் இனித் தொடக்கூடாது என்று சனிக்கிழமை தீர்மானம் போட்டோம். முன்மொழிந்தது செயலாளர். அது நான்தான்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அடுத்த வருடம் ஒரு தொண்டு நிறுவனம் தந்த அந்தப் பெட்டியில் நீதான் லினக்ஸ் போட்டுத் தந்தாய். போன லீவில் வந்தபோதும் புதிதாக்கித் தந்தாய். பஸ் ஏறுமுன் நீ சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. “மாமா, இது சங்கக்கடை மாதிரி. இதுக்கெண்டு ஒரு களஞ்சியம் இரிக்கி. அதில உள்ள சாமான மட்டும் எடுங்க. றோட்டில கூவி விக்கிறவன்ட சாமான் எவ்வளவு நல்லதெண்டாலும் உள்ளுக்கு ஏத்தாதீங்க. புதுப்பிக்கட்டா எண்டு கேட்டாலும் நான் வாறமட்டும் விடுங்க.” நான் என்ன சொன்னேன்? “இதெல்லாம் எனக்குத் தெரியாதா மனே?” என்றேன். முப்பத்துநான்கு வருடம் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தவனுக்கு அந்த ஒரு வாக்கியம் தானாக வாயில் வரும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பேத்தியின் முதலாம் பிறந்தநாள் வீடியோவை ஒரு சீடியில் போட்டு நீ கொடுத்தனுப்பினாய் அல்லவா? வீட்டு டிவிடி மிசின் அதை விழுங்கிவிட்டுத் திருப்பித் துப்பியது. உன் மாமி அன்றிலிருந்து, “பேத்தி தவழுறதப் பாக்க எனக்குக் குடுத்துவைக்கல்ல, என்ட புரியன் பெரிய கொம்பியூட்டர்காரன் எண்டு ஊரெல்லாம் பேச்சு” என்று சோறு போடும்போதும் சொன்னாள், சோறு போடாதபோதும் சொன்னாள். இடையில் நீ கோல் எடுத்து, “வீடியோ பாத்தீங்களா மாமா?” என்றாய். “ஓம் மனே, என்ன வடிவாத் தவழுறாள்!” என்றேன். பார்க்கவில்லை, மருமகன். இது முதல் பொய்.

ஆடி அமாவாசை அன்று ஊரே அமிர்தகழிக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போனது. எனக்கு முழங்கால் நோவு என்று சொல்லிவிட்டு (இரண்டாவது பொய்) சீடியோடு சங்கக் கட்டிடத்துக்குப் போனேன். போட்டுப் பார்த்தால் சத்தமும் இல்லை, படமும் இல்லை. இந்த வகை வீடியோவுக்கு வேண்டிய சாமான் என்னிடம் இல்லை என்று கணினி சொன்னது. இணையத்தில் தேடினேன். யாரோ ஒரு புண்ணியவான், திரையில் கட்டளை எழுதுகிற கறுப்புப் பெட்டியைத் திறந்து இந்த ஆறு வரியை அப்படியே எழுது, எல்லா வீடியோவும் ஓடும் என்று போட்டிருந்தான். முதல் வரி எழுதியதும் கடவுச்சொல் கேட்டது. நான் அடிக்கிறேன், ஒரு எழுத்தும் திரையில் விழவில்லை. விசைப்பலகை பழுது என்று நினைத்துத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன், பிரஷ்ஷால் துடைத்தேன். நாலாம் முறைதான் விளங்கியது, அது வெட்கப்பட்டு மறைத்துக்கொண்டு வாங்குகிறது என்று. அந்த வெட்கம் எனக்கு அந்த நேரம் இருந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. மூன்றாவது வரியில், இந்தக் களஞ்சியத்தின் ஒப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை, நம்பத்தக்கதல்ல, தொடரவா என்று கேட்டது. ஒப்பமில்லாத விண்ணப்பத்தோடு படுவான்கரையிலிருந்து வள்ளத்திலும் பஸ்ஸிலும் வந்த ஏழை எளியதுகளைத் “திரும்பப் போய் ஒப்பம் வைச்சுக்கொண்டு வா” என்று முப்பத்துநான்கு வருடம் திருப்பி அனுப்பியவன் நான். அன்றைக்கு ‘ஓம்’ என்று அடித்தேன்.

அத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆறாவது வரி எல்லாவற்றையும் புதுப்பிக்கிற வரியாம். முந்நூற்றெண்பது பொருள் புதுப்பிக்கவேண்டும், தொடரவா என்றது. முந்நூற்றெண்பது பொருள் இவ்வளவு காலமும் பழசாகக் கிடந்திருக்கிறதே, இவன் உதயரூபன் கவனிக்கவில்லையே என்று உன்மேல் கோபப்பட்டுக்கொண்டே அதற்கும் சம்மதம் கொடுத்தேன். மூன்று மணித்தியாலம் எழுத்து ஓடியது. எனக்கோ ஒரு பெரிய திணைக்களத்தை நடத்துகிற மாதிரிப் பெருமை. அப்போது கரண்ட் போனது. போனாலும் கணினி நிற்கவில்லை, கீழே கிடந்த யூபிஎஸ் பெட்டி அதைத் தாங்கிக்கொண்டு ‘கீக் கீக்’ என்று கத்தியது. நிறுத்தாமல் கத்தியது. தலையிடி தாங்காமல் குனிந்து அந்தப் பெட்டியை அமத்தினேன். கீக் சத்தமும் நின்றது, எல்லாமும் நின்றது. பிறகு கரண்ட் வந்து கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரு வெள்ளை வரி. பெயர் என்ன என்று கேட்கிறது. என்னையே தெரியாதாம்.

மருமகன், அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும். கடல் கொண்டுபோன எங்கள் சனத்தின் நூற்றுப் பதினாறு படம். வருகிற டிசம்பரில் ஐந்தாம் வருட நினைவுக்குப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போடுவதற்காக வீடு வீடாகப் போய் வாங்கி ஸ்கான் பண்ணிச் சேர்த்து வைத்தவை. வேறிடத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள் என்று நீ சொல்லியிருந்தாய். எடுக்கவில்லை.

அடுத்த நாள் காலையிலேயே சீதேவிப்பிள்ளை அக்கா வந்தா. அவவின் மகன் நிதுர்ஷனுக்கு அப்போது எட்டு வயது. அவன் விளையாட்டுப் போட்டியில் ஓடி முதலாவதாக வந்த அன்று எடுத்த ஒரே ஒரு படம்தான் மிச்சம். அதுவும் இரண்டு வருடத்துக்கு முன் பொலித்தீன் உறையோடு ஒட்டி, இழுக்க முகம் உரிந்து போய்விட்டது. கணினிக்குள் இருந்ததுதான் ஒரே பிரதி. “தம்பி, படத்த ஒருக்காத் திறந்து காட்டு, மாமாங்கத்தில அவனுக்குக் கும்பிட்டு வந்தன்” என்றா. கறுப்புத் திரையைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. அந்த நேரம் என் வாயிலிருந்து வந்ததை எழுதக் கை கூசுகிறது. “ஹலீம் ஏதோ நோண்டிப்போட்டுப் போயித்தான் அக்கா” என்றேன்.

ஹலீம் யார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். காத்தான்குடியில் கணினி திருத்துகிற கடை வைத்திருக்கிறவர், மாதத்தின் முதல் சனிக்கிழமை மோட்டார் சைக்கிளில் வந்து எங்கள் பிரிண்டரைப் பார்த்துவிட்டு ஒரு தேத்தண்ணியோடு போகிறவர். அவர் கணினியைத் தொட்டு இருபது நாளாகியிருந்தது. நான் சொன்ன சொல் வாசலைத் தாண்டியதும் கால் முளைத்து ஓடியது. ‘நோண்டினான்’ என்றது சந்தியில் ‘அழிச்சான்’ ஆனது, கோயிலடியில் ‘வேணுமெண்டே அழிச்சான்’ ஆனது. தமிழூரும் முஸ்லிம் ஊருமாய் இரண்டும் பட்டதெல்லாம் பட்டு இப்போதுதான் ஒருவர் கடைக்கு ஒருவர் பயமில்லாமல் போய்வருகிற காலம். நான் வாயைத் திறந்து ஒரு வரி சொல்லியிருந்தால் அடங்கியிருக்கும். பத்து நாள் முழங்கால் நோவென்று வீட்டுக்குள் கிடந்தேன்.

முந்தநாள் சனிக்கிழமை ஹலீம் வழமைபோல வந்தார். சங்கத் தலைவர் சீனித்தம்பி வாசலிலேயே நின்றார். பத்து வருடம் ஆழ்கடலுக்குப் போன மனிசன், குரலும் அப்படித்தான். உள்ளே ஏழெட்டுப் பேர். ஒருவரும் இருங்க என்று சொல்லவில்லை. சீதேவிப்பிள்ளை அக்கா எழும்பி அவர் முகத்துக்கு நேரே கேட்டா: “தம்பி, என்ட புள்ளைட படத்த என்ன செஞ்ச?”

ஹலீமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கணினியைப் போட்டார். என்னிடம் கடவுச்சொல் கேட்டார், கொடுத்தேன். அந்தக் கறுப்புத் திரையிலேயே ஏதோ அடித்தார். மருமகன், நீ இதை எனக்குச் சொல்லவே இல்லை: அந்தப் பெட்டி ஒரு பதிவு இடாப்பு வைத்திருக்கிறது! எந்த நாள், எத்தனை மணி, எந்தப் பொருள், எல்லாம் வரிசையாக. வேறொரு இடத்தில் நான் அடித்த ஆறு வரியும் பிழைகளோடு அப்படியே கிடந்தது. ஹலீம் வாசித்தார். அமாவாசை, காலை பத்தேகால். என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எல்லோரையும் பார்த்து, “இது கரண்ட் போய் வந்த பிழ. ஒருத்தரும் ஒண்டும் செய்யல்ல. அல்லாட காவல், படமெல்லாம் இரிக்கும், பயப்புடாதீங்க அம்மா” என்றார்.

பழி என்னுடையது, பேச்சு வாங்கியது அவர், மூடி மறைத்ததும் அவர். எனக்கு அறுபத்தொரு வயது. அந்த இடத்தில் தரை பிளந்தால் முதல் ஆளாக இறங்கியிருப்பேன். பிளக்கவில்லை, ஆகவே எழும்பினேன். “ஹலீம் தொடவேயில்ல. நான்தான் செஞ்ச. பேத்திட வீடியோ பாக்க வெளிச்சாமான் ஏத்தப் போய் நான்தான் பாழாக்கின. பயத்தில அவர்ட பேரச் சொன்ன” என்றேன். சத்தம் வரவில்லை என்று சீனித்தம்பி திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பவும் சொன்னேன்.

சீதேவிப்பிள்ளை அக்காதான் கேட்டா. “பத்து நாளா இந்தப் புள்ளயச் சவிச்சிரிக்கன். விளக்கு வெச்சுச் சவிச்சிரிக்கன். அந்தச் சாபத்த இப்ப எங்க கொண்டு வெய்க்க?”

“என்ட தலையில வைங்க அக்கா.”

என் தலையை மேலும் கீழும் பார்த்தா. “வேணாம். அதுக்குள்ள ஒண்டும் இல்ல, வெச்சாலும் நிக்காது” என்றா. முதலில் சிரித்தது ஹலீம்தான்.

அவர் பையிலிருந்து ஒரு சீடியை எடுத்துப் போட்டு, அதிலிருந்தே கணினியை எழுப்பினார். உள்ளே எங்கள் கோப்புகள் ஒன்றும் அசையாமல் கிடந்தன. பழுதானது திரையில் படம் காட்டுகிற பகுதி மட்டும்தானாம். நூற்றுப் பதினாறையும் எண்ணி இரண்டு பென்டிரைவில் எடுத்தார். நிதுர்ஷன் வந்தான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒரு காலில் சப்பாத்து இல்லாமல், கையில் ஒரு பிளாஸ்டிக் வாளிப் பரிசு. “இன்னும் கொஞ்சம் பெருசாக்கு மனே” என்றா அக்கா. பெருசாக்கினார். “அந்தா, பல்லு விழுந்த இடம் தெரியுது” என்றா. ஹலீமின் தோளில் கையை வைத்துக்கொண்டுதான் பார்த்தா.

பிறகு ஹலீம் அந்த வெளிக்களஞ்சியத்தின் வரியை வெட்டி எறிந்து, அரைவாசியில் நின்ற வேலையைப் பின்னேரம் வரைக்கும் இருந்து முடித்தார். உன் சீடியையும் தன் மடிக்கணினியில் போட்டுக் காட்டினார். ஏழு நிமிட வீடியோ. கஜானி யாரோ ஒருவரின் மடியில் இருந்து தொடக்கம் முதல் முடிவு வரை அழுகிறாள். ஒரு அடியும் தவழவில்லை! அன்றைக்குக் கோலில் நான் தவழுதலைப் புகழ, நீ மறுபக்கத்தில் “ஓம் மாமா” என்று சொன்னாயே, அந்த மரியாதையை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

ஆகையால் செயலாளர் பதவியை விட்டு விலகுவதாக எழுதிச் சீனித்தம்பியிடம் கொடுத்துவிட்டேன், ஒப்பத்தோடு. சங்கக் கதவின் திறப்பையும் கொடுத்தேன். சாகும்வரை ஒரு விசைப்பலகையையும் தொடுவதில்லை. ஹலீமின் கடைக்குப் போய் அவரது வாப்பாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவர் எனக்கு இனிக்க இனிக்க வட்டிலப்பம் தந்து இன்னும் கூனிக்குறுக வைத்தார்.

மாமாங்கப் பிள்ளையார் உன்னையும் மருமகளையும் பேத்தியையும் எந்தக் குறையும் அண்டாமல் காக்கட்டும். தொழிலில் உயர்வும் உடம்பில் பலமும் மாமனைப் பொறுக்கும் மனமும் உனக்கு உண்டாகட்டும்.

தலைகுனிந்து,
மாமா சீ. கோணாமலை

பின்குறிப்பு: ஒட்டின உறையைத் திரும்பக் கிழித்து இதை எழுதுகிறேன், செவ்வாய்க்கிழமை. காலையில் சீனித்தம்பி குருக்கள்மடத்திலிருந்து இரண்டு பெண்களைக் கூட்டிவந்தார். அவர்களுடைய சங்கத்திலும் ஒரு கணினி உறை கழற்றாமல் கிடக்கிறதாம். செட்டிபாளையத்தில் கணினி செத்தும் ஒரு முகமும் தொலையவில்லை, அதைப் பார்க்கிறவர் கோணாமலை என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறார்கள். நான் அவமானத்தைப் பாராமல் முழுக்கதையையும் முதலிலிருந்து சொன்னேன், யூபிஎஸ் பெட்டி உட்பட. அவர்களில் இராசாத்தி என்பவ பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஓம் ஐயா, எல்லாப் பிழையும் விட்டுப் பாத்த ஆள்தான் எங்களுக்கு வேணும்” என்று சொல்லி, கைப்பைக்குள்ளிருந்து கடதாசியில் சுற்றின இரண்டு படத்தை எடுத்து என் கையில் வைத்தா. சீனித்தம்பி என் விலகல் கடிதத்தை அந்த இடத்திலேயே நாலாக மடித்து, ஆடுகிற மேசைக்காலின் கீழ் வைத்துவிட்டார். ஆகவே, சாகும்வரை தொடமாட்டேன் என்று மேலே எழுதிய பந்தியை வெட்டிவிட்டு வாசி. ஹலீமும் வருகிறார், கணினி கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் நான் சத்தமாக வாசித்த பிறகுதான் பதில் அடிக்கலாம் என்பது அவருடைய நிபந்தனை. வெட்கமாகத்தான் இருக்கிறது, மருமகன். வியாழக்கிழமை ஒன்பது மணி பஸ்ஸில் குருக்கள்மடத்துக்குப் போகிறேன்.