டெஸ்டிங் அண்ணனின் மைக்

லிங்கராஜபுரத்தில் டெஸ்டிங் அண்ணனோடு வாய்ச்சண்டை போடாத மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. பாதிரியார், பூசாரி, பகுத்தறிவுப் பேச்சாளர், பால்காரர் என்று எல்லோரும் அவரிடம் மாட்டியிருக்கிறார்கள். நானும் மாட்டியிருக்கிறேன், இட்லிக்குச் சட்னியா சாம்பாரா என்பதில்.

மைக்செட் வாடகைக்கு விடுவது அவர் தொழில். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லிச் சொல்லியே பெற்றோர் வைத்த பெயர் அடிபட்டுப் போயிற்று. அவர் மனைவியே, "டெஸ்டிங் குளிக்கப் போயிருக்காரு" என்றுதான் சொல்லுவார்.

அண்ணன் தீவிர முருக பக்தர். ஆனால் யார் கூப்பிட்டாலும் போய் மைக் கட்டுவார். கட்டிவிட்டு, பேசுகிறவரோடு மல்லுக்கு நிற்பார். ஒரு முறை நாத்திகர் கூட்டம். சாமியே இல்லை என்று பேச்சாளர் முழங்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் விறுவிறுவென்று மேடையேறினார். அடிதான் விழப்போகிறது என்று நாங்கள் எழுந்தே நின்றுவிட்டோம். அவரோ ஸ்டாண்டைத் திருகி மைக்கை இறக்கினார்.

"சார், நீங்க பேசறது அத்தனையும் தப்பு. ஆனா கொஞ்சம் கிட்ட வந்து பேசுங்க, பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கலை."

அவருடைய நிரந்தர எதிரி எதிர்வீட்டுக் கௌதமன். கோலார் தங்கவயலிலிருந்து வந்து குடியேறியவர். அப்பா காலத்திலிருந்தே பௌத்தர். தினமும் காலையில் டீக்கடையில் இருவருக்கும் கச்சேரி நடக்கும்.

"சாமி இல்லன்னு சொல்றியே கௌதமா, அப்ப பத்தாவதுல உன்னை யாருய்யா பாஸ் பண்ண வெச்சது?"

"நான் ஃபெயில்ணா."

"அதான்! கும்பிட்டிருந்தா பாஸாகியிருப்ப."

அந்தக் கௌதமனின் மகள் ரத்னாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. தெருச் சங்கத்து ஹாலைப் பேசிவைத்து, பத்திரிகையும் கொடுத்தாகிவிட்டது. ஒரு வாரம் இருக்கும்போது சங்கச் செயலாளர் திடீரென்று ஹால் கிடையாது என்றுவிட்டார். காரணத்தைக் கௌதமனிடம் நேராகச் சொல்லவில்லை. மற்றவர்கள் காதில் மட்டும், "ஐயர் இல்ல, அக்னி இல்ல, புத்தர் சிலை முன்னாடி ஏதோ உறுதிமொழி சொல்றாங்களாம். நம்ம ஹால்ல இதெல்லாம் எதுக்கு?" என்று கிசுகிசுத்தார். டெஸ்டிங் அண்ணன் காதிலும்தான்.

ரத்னாவுக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கௌதமன் டீக்கடைப் பக்கமே வரவில்லை. சண்டை போட ஆளில்லாமல் அண்ணன் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். வழக்கமாக உள்ளே ஒரு பெட்டி ஸ்பீக்கர் மட்டும் இருக்கும். அன்று பார்த்தால், வாசலில் தெருவைப் பார்த்துக் குழாய் ஸ்பீக்கர்களும் தொங்கின. என்னமோ ஏதோ என்று தெருவே வந்து கூடிவிட்டது. ரத்னாவும் வந்தாள்.

அண்ணன் மைக்கைச் செயலாளர் கையில் கொடுத்தார். "சார், கௌதமன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஏன் ஹால் இல்லன்னு சொல்லிடுங்க."

"அதெல்லாம் கமிட்டிக்குள்ள பேசிக்கலாம்பா. மைக் எதுக்கு?"

"பேசறதுக்கு உங்களுக்கு ரைட்டு இருக்கு சார். ஒருத்தனும் குறுக்க பேச மாட்டான், பேசினா நான் பாத்துக்கறேன். என் காதுல சொன்னதையே சொல்லுங்க. அந்தப் பொண்ணு நிக்குது, அதுக்கும் கேக்கட்டும்."

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். கனைப்பு தெருமுனை வரைக்கும் கேட்டது. "அவங்க வந்து..." என்றார். அதுவும் கேட்டது. அவருடைய சம்சாரம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். ரத்னா கண்ணைத் தாழ்த்தாமல் செயலாளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மனிதர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஹால்... எல்லாருக்கும்தான்" என்று முனகினார்.

"காதுல சரியா விழலை சார்" என்றார் அண்ணன்.

"எல்லாருக்கும்தான்யா!"

கல்யாணம் அதே ஹாலில் ஜாம்ஜாமென்று நடந்தது. புத்தர் சிலைக்கு முன்னால் ரத்னா உறுதிமொழி சொன்னது கணீரென்று கேட்டது. அண்ணன் பந்தியில் உட்கார்ந்த கையோடு, "எல்லாம் சரி கௌதமா, நல்ல நேரம் பார்த்து வெச்சிருக்கலாம் இல்ல?" என்று ஆரம்பித்துவிட்டார். கௌதமனும் விடவில்லை. பாயசம் வரும்வரை அது ஓடியது.

சாப்பிட்டு எழுந்ததும் மணமக்கள் அண்ணன் காலில் விழுந்தார்கள். பழக்கதோஷம், அண்ணன் சட்டைப்பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துவிட்டார். பிரித்த பிறகுதான் உறைத்தது.

"நீங்க இது வெச்சுக்க மாட்டீங்க இல்லம்மா?"

"இல்ல பெரியப்பா" என்று ரத்னா சிரித்தாள்.

அவர் பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டார். விரலில் ஒட்டியிருந்ததை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, வெறும் கையை அவள் தலையில் வைத்தார். அந்தக் கையை எடுத்து என் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல இருந்தது எனக்கு.